மீனுக்கும் அம்மை உண்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின்போது விலங்கியல் துறை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "நம்ம துறை வராந்தாவில் கடல்மீன் தொட்டி இருக்கே, அதுல ஒரு மீனுக்குத் துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பசங்க ரொம்பப் பயந்துட்டாங்க. கூடுகைக்கு வரும்போது அதைப் பார்த்துட்டு, அப்படியே அரை மணி நேரம் பேசிட்டுப் போ" என்றார். மீனைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். என்ன நோய் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போய்விடுவீர்கள்.

எனக்கு ஊர் தொண்டூர். செஞ்சிக்காரர்களுக்குத் தெரியும். சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள ஊர் என்று வரலாற்றுத் துறை நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கல் உண்டு, மலை உண்டு, ஏரி உண்டு. கடல் மட்டும் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடல்மீன் வைத்தியம் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். எனக்கு இந்த வைத்தியத்தின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆயாதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஏரியில் குறவையும் விராலும் உடம்பெல்லாம் சிவந்த புண்ணோடு மிதந்தன. அது 1988-இல் வடகிழக்கு இந்தியாவுக்குள் நுழைந்து, பிறகு தெற்கே பரவிய புண் நோய். காரணம் ஒரு வகை நீர்ப்பூஞ்சை. அதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஊரே சொன்னது ஒரே வார்த்தைதான்: "மீனுக்கு அம்மை போட்டுக்கீது." யாரும் மீன் வாங்கவில்லை. ஆயா மட்டும் ஒரு செத்த விராலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அம்மை இல்லடா. அம்மைன்னா முத்து முத்தா வரும். இது உள்ளே குழி வுழுந்துகீது" என்றாள்.

பெரியம்மையை நேரில் பார்த்த தலைமுறை அவள். முகத்திலும் கை காலிலும் நிறைய வந்து, எல்லா முத்தும் ஒரே பருவத்தில் இருந்தால் பெரியம்மை. நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கி, ஒன்று அரும்பாகவும் ஒன்று நீர் கோத்தும் ஒன்று காய்ந்தும் இருந்தால் சின்னம்மை. இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. "இன்னா அம்மைன்னு பாக்காம எதையும் காய்ச்சி ஊத்தாதீங்கடி" என்று மருமகள்களை அதட்டுவாள். அந்த அதட்டலை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் பல மீன்கள் பிழைத்திருக்கும்.

1997-இல் சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நன்னீர் மீன்தான் பெரும்பாலும். முன்பக்கம் ஒரே ஒரு கடல்நீர்த் தொட்டி. அதில் ஆறு கோமாளி மீனும் இரண்டு வண்ணத்துப்பூச்சி மீனும். புதிதாக ஒரு மீன் வந்து சேர்ந்த வாரத்தில் எல்லா மீனின் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. நன்னீர் மீனுக்குப் புள்ளி வந்தால் என்ன செய்வோம்? கல்லுப்பு ஒரு கைப்பிடி போடுவோம், தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்குவோம். இது கடல் தண்ணீர். இதில் எந்த உப்பைப் போடுவது? பக்கத்துக் கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். நாலாம் நாள் காலை ஒரு புள்ளி இல்லை! முதலாளி ஐம்பது ரூபாய் இனாம் கொடுத்தார். நானும் கடை கடையாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டேன். பதினோராம் நாள் மீன் மேல் வெள்ளையைத் தவிர வேறு நிறமே தெரியவில்லை. பதினான்காம் நாள் தொட்டி காலி.

என்ன நடந்தது? நீல மருந்து எதையுமே குணப்படுத்தவில்லை. புள்ளிகள் தாமாகவே இறங்கிப் போயிருந்தன.

அந்த வெண்புள்ளி என்பது கிரிப்டோகேரியான் இரிடன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. உடம்பெல்லாம் குறுயிழை உள்ள சிலியேட். நீங்கள் வைக்கோல் ஊறலில் பார்த்த பாரமீசியத்துக்குத் தூரத்துச் சொந்தம். மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது அப்போதுதான். பிறகு பெரும்பாலும் விடியும் முன், இருட்டிலேயே, மீனை விட்டு இறங்கித் தரையில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இருநூறு குட்டி வரை ஆகும். கூடு வெடிக்கச் சில நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம். வெளியே வந்த குட்டிக்கு ஒன்று இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்கவில்லை என்றால் சாவுதான். கடலில் அப்படித்தான் முக்கால்வாசி சாகும். ஐந்தடித் தொட்டியில் மீன் எங்கே ஓடும்? பத்துப் புள்ளி இறங்கினால் இரண்டாயிரம் குட்டி திரும்பி வரும்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி ஒன்று உண்டு. மீனுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதை எளிதில் தொடாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. வெளியே நீந்தும் அந்தச் சில மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. எப்போது நீந்தும் என்று தெரியாது. ஆகவே வாரக்கணக்கில் மருந்து தண்ணீரில் இருக்க வேண்டும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவன் 1997-இல் இருந்த நான்தான்.

இந்த நோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து தாமிரம். நம் ஊர் மயில்துத்தம்தான். தண்ணீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் மீனே போய்விடும். மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம். 100 லிட்டர் தண்ணீருக்கு 80 மில்லிகிராம் துத்தம் போதும். ஒரு சிட்டிகை என்பது அதைப்போல் மூன்று நாலு மடங்கு வரும். "ஒரு சிட்டிகை போட்டேன் சார், மீன் மொத்தமும் போச்சு" என்று எத்தனை பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்! எடை போடாமல், தாமிரம் அளக்கும் பரிசோதனைக் குப்பி இல்லாமல், இதைத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்று, மணலும் பவளக்கல்லும் சிப்பியும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் இருக்காது. இறால், நத்தை, கடல் சாமந்தி என்கிற அனிமோன் எல்லாம் தாமிரம் பட்டால் செத்துப்போகும். அதனால் வைத்தியம் அலங்காரத் தொட்டியில் கூடாது. மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, ஒரு காற்றுக்குழாய். மீனுக்கு அதுதான் ஆஸ்பத்திரி.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. நான் அதைத்தான் அதிகம் சொல்வேன், ஏனென்றால் காசு செலவில்லை. இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். மீனை ஒன்றில் விடுங்கள். மூன்றாம் நாள், புதுக் கடல்நீர் உள்ள மற்றொன்றுக்கு மாற்றுங்கள். பழைய டப்பைக் கழுவி நல்ல வெயிலில் எலும்பாய்க் காயவையுங்கள். இப்படி நாலு முறை. இறங்கிய புள்ளியெல்லாம் கூடு வெடிக்கும் முன்பே வெயிலில் காய்ந்துபோகும். மீன் அவற்றை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பெரிய தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. குறைந்தது ஆறு வாரம், பொறுமை இருந்தால் பத்து வாரத்துக்கு மேல் அது மீன் இல்லாமல் கிடக்கட்டும்.

மூன்றாவது வழிதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். நன்னீர் மீனுக்கு உப்பைக் கூட்டுகிறோம் இல்லையா, கடல் மீனுக்கு உப்பைக் குறைக்க வேண்டும். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அதை இரண்டு நாளில் மெல்ல 15, 16-க்கு இறக்கி, மூன்று வாரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் கூடுகள் உப்பிப்போய்ச் செத்துவிடும். எலும்புள்ள மீன் பெரும்பாலும் தாங்கும். திரும்ப உப்பை ஏற்றும்போதுதான் நிதானம் வேண்டும். இதற்கும் மசியாத கிரிப்டோகேரியான் ரகங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை சொன்னது ஒரு புள்ளியைப் பற்றி. நான் தலை குனிந்த கதை இனிமேல்தான் வருகிறது.

2019-ஆம் ஆண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தங்கை, வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டுக் கோமாளி மீன் வளர்த்தாள். நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிற மீன் அது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கடலில் போய்ப் பிடிக்காமல் வீட்டிலேயே வளர்க்கலாம் என்ற நிலை அப்படி வந்ததுதான். கோமாளி மீனில் பெரியது பெண், அடுத்தது ஆண். ஜோடி சேர்ந்து முட்டையிட மாதக்கணக்கில் ஆகும். அவளிடம் அப்படி ஒரு ஜோடி. அதுதான் அவளுடைய வங்கிக் கணக்கு.

ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "அண்ணே, மீனு மேல வெள்ளையா இருக்குண்ணே." நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை தெரிந்தது. "வெண்புள்ளிதாம்மா, தனித்தொட்டியில் போட்டு 0.2 அளவுக்குத் தாமிரம் விடு" என்று எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். அவள் ஒரு இம்மி தப்பாமல் செய்தாள். மூன்றாம் நாள் போன் வந்தது. "அண்ணே, மேல தோலு உரிஞ்சு நூலு நூலா தொங்குதுண்ணே." அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது. அது புள்ளியே இல்லை, கோழை. புரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. கோமாளி மீனையே தேடி வருவது. அதற்குத் தாமிரம் சரிப்படாது. பார்மலின் குளியல் கொடுத்திருக்க வேண்டும். அன்று இரவு பெண் மீன் போனது, விடிந்ததும் ஆண் போனது. ஓட்டின் மேல் ஐந்து நாள் முட்டை இருந்தது. விசிறிவிட அப்பன் இல்லாமல் அதுவும் பூஞ்சை பிடித்துப்போனது.

நான் வேறு ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "போட்டோவுல பார்த்ததை வச்சே எப்படிண்ணே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து யார் படம் அனுப்பினாலும் மருந்து சொல்வதில்லை. கேள்விதான் கேட்கிறேன். கடைசியாக எந்த மீன் எப்போது வந்து சேர்ந்தது? இரை எடுக்கிறதா? செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது, நல்ல நாளில் எத்தனை அடிக்கும்? நேற்று இருந்த புள்ளி இன்றும் அதே இடத்தில் இருக்கிறதா? படம் வேண்டாம், நீந்துகிற வீடியோ அனுப்பு.

புள்ளி ரவை அளவில், எண்ணக்கூடியதாக, நாளுக்கு நாள் இடம் மாறினால் கிரிப்டோகேரியான். எண்ண முடியாமல் முகப்பவுடர் பூசினது போல, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மட்டும் தங்கத் தூசியாய் மின்னினால் அது அமைலூடினியம். இதுதான் மிகப் பொல்லாதது. முதலில் செவுளைப் பிடிக்கும். மீன் காற்றுக்குழாய் அருகே நின்று மூச்சு வாங்கும். தோலில் தூசி தெரியும் முன்பே செத்தும் போகும். அதற்குத் தாமிரம் உண்டு, குளோரோகுயின் உண்டு, ஆனால் உப்பைக் குறைப்பதெல்லாம் அதனிடம் செல்லாது. கோழை படலம் படலமாக உரிந்தால் புரூக்ளினெல்லா. பார்மலினை 10 லிட்டருக்கு ஒன்றரை முதல் 2 மில்லி விட்டு, காற்றை நன்றாகத் திறந்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பாட்டிலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்த பார்மலினை உபயோகிக்கவே கூடாது. அது நமக்கும் விஷம். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சாட்சி உண்டு. அது இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. மீனின் பக்கவாட்டில் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் மெல்ல ஒரு வழி வழித்து, ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு, மைக்ராஸ்கோப்பின் சின்ன லென்ஸில் பாருங்கள். உருண்டையாய், குறுயிழை அசைய, ராட்டினம் போல மெதுவாகச் சுற்றினால் கிரிப்டோகேரியான். பேரிக்காய் வடிவில், பழுப்பாய், அசையாமல் ஒட்டிக்கிடந்தால் அமைலூடினியம். அவரை விதை போல் இருந்து சரசரவென்று ஓடினால் புரூக்ளினெல்லா. அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. தமிழ்நாட்டில் வண்ணமீன் வளர்க்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் மைக்ராஸ்கோப் இருக்கிறது? உங்களிடம் வரிசையாக இருக்கிறது. பாரமீசியம் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்ததோடு உறை போட்டு மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் மூடினேன்.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மரக்காணம் பக்கத்து நண்பர் ஒருவர் காலையில், "எங்க மாமா இறால் பண்ணையை அழிச்சுதே, அந்த வெண்புள்ளிதானே இது?" என்று கேட்டார். பெயர்தான் ஒன்று. 1994, 95-இல் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைக் காலி செய்தது ஒரு வைரஸ். அங்கே புள்ளி இறால் ஓட்டில் வரும். அந்த நோய்க்கு இன்றும் மருந்து கிடையாது. அது மீனுக்கு வராது, இது இறாலுக்கு வராது.

சரி, நம் வராந்தா மீனுக்கு வருகிறேன். அது ஏஞ்சல் மீன். வால் துடுப்பிலும் முதுகுத் துடுப்பின் ஓரத்திலும் வெள்ளை முடிச்சுகள். பசங்க ஏற்கெனவே ஒரு பாட்டில் தாமிர மருந்து வாங்கி மேசை மேல் வைத்திருந்தார்கள். நல்லவேளை, மூடி திறக்கவில்லை. நான் போனதும் ஒரு தங்கை, "சார், பன்னிரண்டு நாளா எண்ணிட்டு வர்றேன், ஏழு முடிச்சுதான் சார், எடம் மாறவே இல்ல, நல்லா சாப்பிடுது, இதுக்கு மருந்து போடணுமா சார்?" என்று கேட்டாள். நான் அவளிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் அத்தனைக்கும் பதில் அதிலேயே இருந்தது. அவளுடைய நோட்டில் தேதி போட்டு, துடுப்பைப் படமாக வரைந்து குறித்திருக்கிறாள்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். தட்டையான புள்ளி இல்லை, காலிபிளவர் போல மேடு தட்டிய முடிச்சு. லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மீனின் செல்களையே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வீங்க வைக்கும். நமக்கு மரு வருவது போல. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. சில வாரத்தில், சில மாதத்தில் தானே உதிர்ந்துவிடும். மருந்து இல்லை, வேண்டவும் வேண்டாம். நல்ல இரை, சுத்தமான தண்ணீர், துரத்திக் கடிக்கிற மீனை வேறு தொட்டிக்கு மாற்றுவது, இவ்வளவுதான். அந்தத் தாமிர பாட்டிலை ஊற்றியிருந்தால் முடிச்சு அப்படியே இருந்திருக்கும். தொட்டியிலுள்ள அனிமோனும் இரண்டு இறாலும் போயிருக்கும்.

ஆனால் இந்தத் துறையில் ஒரு குறை கண்ணில் பட்டது. புதுமீன் வந்தால் நேரே பெரிய தொட்டியில்தான் விடுகிறீர்கள். நான் சொன்ன எல்லா நோயும் புதுமீனோடுதான் உள்ளே வருகிறது. நாலு முதல் ஆறு வாரம் தனியாக வைத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள். இடமில்லை, தொட்டியில்லை என்று பேராசிரியர் சொன்னார். இடத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும். 60 லிட்டர் தொட்டி ஒன்றும் இரண்டு பிளாஸ்டிக் டப்பும் வெளியே என் வண்டியில் இருக்கின்றன. கண்ணாடி கொஞ்சம் கனம். சாப்பாட்டுக்குப் போகும் முன் இரண்டு பேர் வந்து ஒரு கை பிடித்தால் இறக்கிவிடலாம். அந்த நோட்டுப்புத்தகத் தங்கை எந்த மூலையில் வைக்கலாம் என்று சொல்லட்டும்.